நின்ற காரில் ‘டக் டக்’ சத்தம்: இன்ஜினை இறக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வீட்டு வாசலிலேயே பத்து மாதம் ஓடாமல் நின்ற பெட்ரோல் கார். இப்போது எடுத்தால் இன்ஜினில் தட்டுகிற சத்தம் கேட்கிறது. வில்லியனூர் பக்கம் இருக்கும் நிலத்துக்குப் போகும்போது, அரும்பார்த்தபுரம் மேம்பாலம் ஏறினால் சத்தம் கூடுகிறது. ஒரு மெக்கானிக் ‘இன்ஜினை இறக்கித்தான் வேலை பார்க்கணும்’ என்கிறார். இன்னொருவர் ‘நாலு நாள் ஓட்டினால் தானாகச் சரியாகிவிடும்’ என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி.

பதில்: இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். இன்ஜினை இறக்கினால் பல பத்தாயிரம் ரூபாய் செலவாகும். பழைய பெட்ரோலால் வந்த சத்தத்துக்கு அவ்வளவு செலவு செய்தால் ஒரு போக விளைச்சல் வீணாகப் போகும். அதேபோல, பேரிங் தேய்ந்து வரும் சத்தத்தை ‘ஓட்டினால் சரியாகும்’ என்று விட்டுவிட்டால், கனெக்டிங் ராடு உடைந்து இன்ஜின் பிளாக்கையே துளைத்துவிடும். பிறகு அந்த இன்ஜினைப் பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும். சத்தம் எந்த வகை என்று பிரித்துத் தெரிந்துகொள்ளாமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. அதைப் பெரும்பாலும் வீட்டிலேயே, செலவில்லாமல் தெரிந்துகொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விஷயம். இன்ஜின் ஓடும்போது டேஷ்போர்டில் சிவப்பு நிற ஆயில் விளக்கு எரிந்தால், அந்த நொடியே சாவியைத் திருப்பி நிறுத்திவிடுங்கள். வீடு வரை ஓட்டிப் போகலாம் என்று நினைக்காதீர்கள். ஆயில் அழுத்தம் இல்லாமல் இன்ஜின் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் பேரிங் தேய்கிறது.

ஓடாமல் நின்றால் ஏன் சத்தம் வருகிறது?

ஓடாத கார் கெடாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 2020 மார்ச் 25-ம் தேதி ஊரடங்கு தொடங்கி, கார்கள் மாதக்கணக்கில் வீட்டு வாசலில் நின்றபோதுதான் ஓடாத வண்டிக்கும் நோய் வரும் என்பது பல குடும்பங்களுக்குப் புரிந்தது. நிற்கும் காரில் நான்கு விஷயங்கள் நடக்கின்றன.

முதலாவது, இன்ஜினின் மேல் பாகங்களில் ஒட்டியிருந்த ஆயில் மெல்ல மெல்லக் கீழே வடிந்து தொட்டியில் தேங்கிவிடுகிறது. பல நாள் கழித்து ஸ்டார்ட் செய்யும்போது, ஆயில் மேலே ஏறும் வரை இரும்போடு இரும்பு உரசுகிறது.

இரண்டாவது, டேங்கில் இருக்கும் பெட்ரோல் பழசாகிறது. எளிதில் ஆவியாகும் பாகம் போய்விடும். மீதி கனமாகி, பிசின் போன்ற கசடு உண்டாகி, இன்ஜெக்டரின் நுண்துளைகளை அடைக்கும்.

மூன்றாவது, ஈரம். கடலோர ஊர்களில் காற்றில் ஈரமும் உப்பும் அதிகம். முத்தியால்பேட்டை, குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் போன்ற பகுதிகளில் வெளியில் நிற்கும் வண்டியின் சைலன்சர் தகடு, பெல்ட் புல்லி, பிரேக் டிஸ்க் எல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கும். சில சமயம் இன்ஜினுக்குள்ளே சிலிண்டர் சுவரிலும் துரு படியும்.

நான்காவது, எலி. வயலில் கதிரை வெட்டும் அதே எலிதான் இங்கே ஒயரை வெட்டுகிறது. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் கூடு கட்டும். இன்ஜினில் ‘நாக் சென்சார்’ என்ற ஒரு சிறிய உறுப்பு உண்டு. இன்ஜின் தட்டுவதை உணர்ந்து கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதன் வேலை. அதற்குப் போகும் ஒயரை எலி கடித்துவிட்டால் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரியும், வண்டியின் இழுவை குறையும்.

சத்தத்தைப் பிரித்துக் கேளுங்கள்

‘தட்டுகிறது’ என்று பொதுவாகச் சொன்னால் மெக்கானிக்குக்கும் புரியாது. எப்போது தட்டுகிறது, எப்படித் தட்டுகிறது என்று கவனித்துச் சொல்ல வேண்டும்.

1. ஸ்டார்ட் செய்தவுடன் ‘டிக் டிக்’ என்று லேசான சத்தம் வந்து சில விநாடிகளில் அடங்கினால், அது ஆயில் மேலே ஏறும் வரை டாப்பெட்டிலிருந்து வரும் சத்தம். பயப்பட வேண்டாம். ஆயிலை மாற்றிவிட்டு ஓட்டலாம். பத்து நிமிடம் ஓடிய பிறகும் அடங்கவில்லை என்றால், டாப்பெட் இடைவெளியைச் சரிபார்க்கச் சொல்ல வேண்டும்.

2. குளிர்ந்த இன்ஜினில் மந்தமாகத் தட்டி, சூடானதும் குறைந்துபோனால், அது பெரும்பாலும் பிஸ்டன் சிலிண்டர் சுவரில் ஆடுவதால் வருவது. பழைய வண்டிகளில் இது சகஜம். உடனே ஆபத்தில்லை. கூடிக்கொண்டு போகிறதா என்று மட்டும் கவனிக்க வேண்டும்.

3. இன்ஜின் சூடான பிறகு, மேடு ஏறும்போதோ, நாலாவது அல்லது ஐந்தாவது கியரில் மெதுவாகப் போய் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போதோ, டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல ‘கிணி கிணி’ என்று கேட்கிறதா? ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் நின்றுவிடுகிறதா? இதுதான் ‘பெட்ரோல் நாக்கிங்’. கோளாறு பெரும்பாலும் பெட்ரோலில், இன்ஜெக்டரில் அல்லது பிளக்கில் இருக்கும். இதற்காக இன்ஜினை இறக்க வேண்டியதில்லை.

4. அடியிலிருந்து கனமாக ‘டொக் டொக்’ என்று சுத்தியலால் அடிப்பது போலக் கேட்கிறதா? வேகம் கூடக் கூட அடியும் வேகமாகிறதா? சூடான பிறகு இன்னும் அதிகமாகிறதா? ஆக்ஸிலேட்டரை விடும் நேரத்தில் தெளிவாகக் கேட்கிறதா? இது கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்ததன் அடையாளம். வண்டியை ஓட்டாமல், கட்டி இழுத்தோ லாரியில் ஏற்றியோ பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

5. கிளட்சை மிதித்தால் மாறுகிறது, ஏசி போட்டால் மட்டும் வருகிறது, வண்டி குலுங்கும்போது மட்டும் கேட்கிறது என்றால், சத்தம் இன்ஜினுக்குள்ளிருந்து வரவில்லை. கிளட்ச் பேரிங், ஏசி கம்ப்ரஸர், பெல்ட் புல்லி, ஆட்டம் கண்ட இன்ஜின் மவுண்டிங் ரப்பர், துருப்பிடித்துக் கழன்ற சைலன்சர் தகடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கழன்ற ஒரு தகடு போடும் சத்தத்தைக் கேட்டு நல்ல இன்ஜினைப் பிரித்துப் போட்டுவிடக் கூடாது.

வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் குளிர்ந்த நிலையில் பாருங்கள்.

ஆயில் அளவு பார்க்கும் குச்சியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தால், நிரப்பாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஆயில் பால்காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பெட்ரோல் வாடை வந்தால் இன்ஜெக்டரிலிருந்து பெட்ரோல் ஒழுகி ஆயிலை நீர்க்கச் செய்திருக்கலாம். இரண்டு நிலையிலும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றாமல், காரணத்தையும் கண்டுபிடிக்காமல் ஓட்டக் கூடாது.

குச்சியில் உள்ள ஆயிலை விரலில் தொட்டு வெயிலில் பாருங்கள். ஜரிகைத் தூள் போல மின்னினால் பேரிங் தேய்கிறது. காந்தத்தை வைத்துப் பார்த்து, ‘ஒட்டவில்லை, அதனால் பயமில்லை’ என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. பேரிங் மேல்பூச்சில் இருப்பது ஈயம், செம்பு, அலுமினியம், வெள்ளீயம் போன்றவை. இவை காந்தத்தில் ஒட்டாது.

பிறகு ரேடியேட்டர் தண்ணீரைப் பாருங்கள். அது குறைந்து இன்ஜின் அதிகம் சூடானாலும் நாக்கிங் வரும். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து எலிக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒயர்களில் பல் பட்ட தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாக, மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓடவிட்டுச் சத்தம் கேட்கக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு வாடை கிடையாது, உயிரைக் குடிக்கும். வண்டியை வெளியில் தள்ளி வைத்துக் கேளுங்கள்.

பெட்ரோல் ஏன் தட்டுகிறது?

பிளக்கில் தீப்பொறி விழுந்ததும், நெருப்பு ஒரு பக்கத்திலிருந்து சீராகப் பரவ வேண்டும். வைக்கோல் போரில் ஒரு மூலையில் பிடித்த தீ மறுமூலைக்குப் போவது போல. அப்படிப் பரவி வருவதற்குள், அழுத்தமும் சூடும் தாங்காமல் மறுமூலையில் இருக்கும் பெட்ரோல் கலவை தானாகவே வெடித்தால், அந்த அதிர்ச்சிதான் ‘கிணி கிணி’ என்று கேட்கிறது. தானாக வெடிக்காமல் தாங்கும் சக்தியைத்தான் ‘ஆக்டேன்’ எண் சொல்கிறது. எண் கூடினால் தாங்கும் சக்தி கூடுகிறது.

இந்தத் தட்டலை நிறுத்த உலகம் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல. 1921-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி, பெட்ரோலில் ஈயச் சேர்மம் சேர்த்தால் நாக்கிங் நிற்கும் என்று கண்டுபிடித்தார். இன்ஜின் அமைதியானது, ஆனால் காற்றில் ஈய நஞ்சு கலந்தது. இந்தியாவில் 2000 பிப்ரவரி 1 முதல் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நிறுத்தப்பட்டது. இன்று ஆக்டேனைக் கூட்டும் வேலையில் பெரும்பங்கு எத்தனாலுடையது. கரும்பு, நொய்யரிசி, மக்காச்சோளம் என்று விவசாயி விளைவித்ததிலிருந்து வருவதுதான் அது. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது.

எத்தனால் ஈரத்தை இழுக்கும். கொஞ்சம் தண்ணீரைப் பெட்ரோலோடு சேர்த்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் பெட்ரோலில் எத்தனால் குறைந்துவிடுவதால் ஆக்டேனும் குறைந்துவிடும். டேங்க் பாதி காலியாக இருந்தால் உள்ளே ஈரக்காற்றுக்கு இடம் அதிகம். மூடி சரியாக மூடாத பழைய வண்டிகளிலும், பைக்குகளிலும், கேன்களில் வைத்திருக்கும் பெட்ரோலிலும் இது சீக்கிரம் நடக்கும்.

இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. டேங்கில் உள்ள பழைய பெட்ரோலை மெக்கானிக்கை வைத்து முழுவதும் இறக்கி, அதில் கொஞ்சம் ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் நிழலில் வையுங்கள். புதுப் பெட்ரோலைவிட நிறம் கறுத்து, வார்னிஷ் வாடை அடித்தால் பழசாகிவிட்டது. அடியில் தனியாக ஓர் அடுக்கு தெரிந்தால் தண்ணீர் பிரிந்திருக்கிறது. பிறகு, விற்பனை அதிகமுள்ள பங்கில் ஆக்டேன் கூடுதலான பெட்ரோல் பத்து லிட்டர் போட்டு, அதே மேம்பாலத்தில், அதே கியரில் ஏறிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் குற்றம் பெட்ரோலுடையது. அடுத்த முறை சாதாரணப் பெட்ரோலே போதும். பாதி குறைந்து மீதி நின்றால் பிளக், இன்ஜெக்டர் ஆகியவற்றைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கொஞ்சம்கூட மாறாவிட்டால் சத்தம் வேறு எங்கிருந்தோ வருகிறது.

வாயால் உறிஞ்சிப் பெட்ரோல் எடுக்காதீர்கள். நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. இறக்கிய பெட்ரோலைக் கிணற்றோரத்திலோ, வாய்க்காலிலோ, மண்ணிலோ ஊற்றாதீர்கள். ‘வீணாக்க வேண்டாம்’ என்று விசைத்தெளிப்பானிலும் புல்வெட்டும் கருவியிலும் ஊற்றுவது இன்னொரு இன்ஜினைக் கெடுப்பதாகும்.

பட்டறையில் என்ன கேட்க வேண்டும்?

‘டொக் டொக்’ சத்தம் என்ற சந்தேகம் இருந்தாலும், உடனே இறக்கச் சொல்லாமல் நான்கு சோதனைகளைக் கேளுங்கள்.

ஆயில் ஸ்விட்சைக் கழற்றி, அங்கே கேஜ் வைத்து ஆயில் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். அந்த மாடலுக்குக் கம்பெனி சொல்லும் அளவோடு ஒப்பிட வேண்டும்.

ஒவ்வொரு சிலிண்டராக வேலையை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தச் சிலிண்டரை நிறுத்தும்போது ‘டொக்’ சத்தம் குறைகிறதோ அங்கேதான் ராடு பேரிங் தேய்ந்திருக்கிறது. இதை வீட்டில் செய்ய வேண்டாம், பிளக் ஒயரில் மின்அழுத்தம் மிக அதிகம்.

கம்ப்ரஷன் அளக்கச் சொல்லுங்கள். ரிங் ஒட்டிக்கொண்டதும் வால்வு சரியாக மூடாததும் இதில் தெரிந்துவிடும்.

ஸ்கேனர் போட்டு இன்ஜெக்டர், நாக் சென்சார் பற்றிய கோளாறுக் குறியீடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இவற்றின் முடிவுகளை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு பட்டறையில் கருத்துக் கேட்க அது உதவும். பேரிங் சந்தேகம் உறுதியானாலும், பல மாடல்களில் முதலில் அடித்தொட்டியை மட்டும் இறக்கி பேரிங்கைப் பார்த்துவிட முடியும். கிராங்க் கீறாமல் இருந்தால் செலவு வெகுவாகக் குறையும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால்

மேலே சொன்னவை வறண்ட இடத்தில் நின்ற வண்டிக்கு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டி நகரின் பல குடியிருப்புகளில் வெள்ளம் புகுந்தது. அப்படி நீரில் நின்ற வண்டிக்குச் சட்டம் வேறு. சாவியையே திருப்பக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால், பிஸ்டன் மேலே வரும்போது அது காற்றைப் போல அமுங்காது. கனெக்டிங் ராடுதான் வளையும். கொஞ்சம் வளைந்த ராடுடன் வண்டி ஓடவும் செய்யும், தட்டவும் செய்யும், ஒருநாள் உடையவும் செய்யும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, போட்டோ எடுத்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிட்டுப் பட்டறைக்கு இழுத்துப் போக வேண்டும். தண்ணீரோடு ஸ்டார்ட் செய்து கெட்ட இன்ஜினுக்கு, அதற்கென்று தனிப் பாதுகாப்பு எடுக்காத பாலிசியில் இழப்பீடு மறுக்கப்படலாம்.

டீசல் பம்ப்செட், பவர் டில்லருக்கு

டீசல் இன்ஜினில் ஓரளவு தட்டும் சத்தம் இயல்பானது. நின்று எடுத்த பிறகு அது கூடினால், டீசலில் தண்ணீர், குழாயில் காற்று, இன்ஜெக்டர் அடைப்பு ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கிய தண்ணீரை வடித்து, காற்றை வெளியேற்றுங்கள். ஒற்றைச் சிலிண்டர் பம்ப்செட்டில் ஃபிளைவீல் சாவி தளர்ந்தாலும் பேரிங் போனது போலவே ‘டொக் டொக்’ என்று கேட்கும். அதை இறுக்கிப் பார்க்காமல் கிராங்கில் கை வைக்காதீர்கள். டீகம்ப்ரஷன் லிவர் உள்ள இன்ஜினில், லிவரைத் தூக்கிவிட்டு இருபது முப்பது முறை ஹேண்டிலைச் சுற்றி ஆயிலை மேலேற்றிய பிறகு ஸ்டார்ட் செய்வது நல்லது.

அடுத்த முறை நிறுத்தும் முன்

ஒரு மாதத்துக்கு மேல் நிற்கப் போகிறது என்றால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு நிறுத்துங்கள். பழைய ஆயிலில் சேர்ந்த அமிலமும் ஈரமும் பேரிங்கை அரிக்கும். டேங்கை நிரப்பி வையுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுங்கள். ஹேண்ட் பிரேக் போடாமல், கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையால் மூடினால் ஈரம் உள்ளேயே தங்கும், துணி உறை நல்லது.

ஊரில் ஆள் இருந்தால் 15 நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டச் சொல்லுங்கள். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவதால் பயனில்லை. இன்ஜின் முழுச் சூடு ஏறாததால் உள்ளே ஈரம்தான் சேரும்.

மாதக்கணக்கில் நின்ற வண்டியை எடுக்கும்போது, பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரை ஐந்தைந்து விநாடியாக விட்டுவிட்டுச் சுற்றுங்கள். ஆயில் விளக்கு அணைந்த பிறகு ஃபியூஸை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஆக்ஸிலேட்டரை முறுக்காதீர்கள். ஒரு வருடத்துக்கு மேல் நின்றிருந்தால், பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, மெக்கானிக்கைக் கொண்டு கையால் சுற்றிய பிறகு எடுப்பதே பாதுகாப்பு.

முத்தியால்பேட்டை வாசகருக்கு: மேம்பாலம் ஏறும்போது மட்டும் கூடுகிறது, சமதளத்தில் குறைகிறது என்றால், அந்தச் சத்தம் பெரும்பாலும் மூன்றாவது வகைதான். ஆயில் விளக்கு எரியவில்லை, குச்சியில் மினுமினுப்பு இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். பழைய பெட்ரோலை இறக்கிப் புதிது போட்டு மேம்பாலம் ஏறிப் பாருங்கள். இதற்குச் சில ஆயிரம் ரூபாய்தான் ஆகும். சத்தம் நின்றால் இன்ஜினில் கை வைக்க வேண்டாம். நிற்காமல் கனத்துக்கொண்டே போனால், ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் பட்டறைக்கு இழுத்துச் சென்று ஆயில் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். இறக்குவதா வேண்டாமா என்பதை அந்த அளவைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.